கண்காட்சிக்குப் போகுமுன் படிப்பின் கோடு எண்ணைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சேலத்தில் நடக்கும் வெளிநாட்டுக் கல்விக் கண்காட்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளில் கணினி, டேட்டா சயின்ஸ் தவிர வேறு படிப்பே கண்ணில் படுவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. 2023-24இல் அமெரிக்காவில் படித்த இந்தியர்கள் 3,31,602 பேர். அவர்களில் முதுநிலை, ஆராய்ச்சி மாணவர்கள் மட்டும் ஏறத்தாழ 1.97 லட்சம். பெரும்பாலோர் கணினி, கணிதம், பொறியியல் பக்கம்தான். கல்வியியலுக்குப் போகிறவர்கள் மிகச் சொற்பம்.

ஆனால் அமெரிக்காவில் கல்வியியல் முதுகலை முடிப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பெண்கள். நம் மாவட்டத்தில் ஆங்கிலமோ சமூகவியலோ படித்து, பி.எட். முடித்து, சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் பாடம் எடுக்கும் பெண்களுக்கு, பல நாட்டுக் கல்வி முறைகளை ஒப்பிட்டுப் படிக்கும் 'சர்வதேசக் கல்வி' முதுகலை நன்றாகவே பொருந்தும். கொலம்பியாவின் டீச்சர்ஸ் காலேஜ், ஸ்டான்போர்ட், லண்டன் யு.சி.எல். ஆகியவற்றில் இத்துறைப் படிப்புகள் உள்ளன. பல்கலைக்கழகங்களில் சர்வதேச விவகார அலுவலகம் அமைக்க யு.ஜி.சி. 2021இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த நாற்காலிகளில் உட்கார இத்துறை படித்தவர்கள் வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில். "படித்து முடித்ததும் மூன்று வருடம் வேலை பார்க்கலாம்" என்று ஏஜென்ட் எல்லோருக்கும் ஒரே பல்லவி பாடுவார். அமெரிக்காவில் ஓ.பி.டி. எனும் பணி அனுமதி 12 மாதம்தான். கூடுதல் 24 மாதம் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும். அங்கே ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு கோடு எண், அதாவது வகைப்பாட்டு எண், உண்டு. சர்வதேச, ஒப்பீட்டுக் கல்வியின் கோடு 13.0701 அப்பட்டியலில் இல்லை. கல்வித் தொழில்நுட்பத்தின் 13.0501 இருக்கிறது. ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த அறையில் நடக்கும் இரண்டு படிப்புகளுக்குள் இவ்வளவு வித்தியாசம்! வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்பே அந்தக் கோடு எண்ணை எழுத்து மூலம் கேட்டு வாங்க வேண்டும். விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் கைக்கு வந்ததும் அதே எண் இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும்.

பிரிட்டனில் படிப்பு ஓராண்டு, செலவு குறையும். ஆனால் 2024 ஜனவரி முதல், வகுப்பறைவழி (ஆராய்ச்சி சாராத) முதுகலை படிப்பவர்கள் கணவரையோ குழந்தையையோ சார்ந்தோர் விசாவில் அழைத்துப் போக முடியாது. திருமணமானவர்களிடம் ஏஜென்ட் இதை முதலில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கடைசியில்தான் சொல்கிறார்.

அடுத்தது பெயர். இனிஷியலோடு பழகிய நமக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். அப்படியிருந்தால் அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயராகிவிடும். இயற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். பிறகு வங்கியிலும் ஓட்டுநர் உரிமத்திலும் அலைச்சல்தான். பாஸ்போர்ட்டைத் திருத்துவதானால் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குப் பதியும் முன்பே திருத்துவது நல்லது. தேர்வுப் பதிவும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்தான்.

உதவித்தொகை என்றால், அமெரிக்காவில் படிக்க இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை ஃபெல்லோஷிப்பை முதலில் பார்க்கலாம்; உயர்கல்வி நிர்வாகம் அதன் துறைகளில் ஒன்று. மூன்றாண்டு முழுநேரப் பணி அனுபவமும் 55 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். மூன்றாண்டு பி.ஏ. மட்டும் போதாது, எம்.ஏ.வோ முழுநேர முதுநிலை டிப்ளமாவோ முடித்திருக்க வேண்டும். படித்த பின் இரண்டாண்டு இந்தியாவில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இங்கேயே வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு அது பாரமில்லை.

கண்காட்சி விளம்பரங்களில் ஒவ்வொரு படிப்புக்கும் எதிரே கோடு எண்ணையும் பணி அனுமதிக் காலத்தையும் அச்சிடும்படி தங்கள் விளம்பரப் பிரிவு கேட்டு வாங்கலாமே.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்-7