கவின் ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்

அன்புள்ள செந்திலுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேச்சு பாதியில் இருக்கும்போதே போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கோபம் ஒன்றுமில்லை. நினைத்ததைப் பேச்சில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கவின் பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் டீமில் சேர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். முப்பத்திரண்டு வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்தவன், பேரன் விளையாடப் போகிறான் என்றால் வேண்டாம் என்பேனா? "இப்பல்லாம் குவார்ட்டர்பேக்கைத் தொட்டாலே கொடியை எறிஞ்சு ஆட்டத்தைக் கெடுத்துடுறாங்கப்பா, அடிபட்டா எழுந்து ஆடணும்" என்று நீ சொன்னாயே, அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

2022-ல் அமெரிக்காவில், சின்சினாட்டியில் உங்களோடு இருந்த ஆறு மாதத்தில்தான் நான் அந்த ஆட்டத்தைப் புரிந்துகொண்டேன். நீதான் சொல்லிக் கொடுத்தாய்: பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக், தப்பு நடந்தால் நடுவர் எறிவது கொடி. மயாமி டீமின் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவாவைப் பார்த்ததும் கவின் துள்ளிக் குதித்தான், அவனைப் போலவே இடது கைக்காரர் என்று. எனக்கும் அவரைப் பிடித்துப்போனது. பந்து வாங்க வேண்டியவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே, அவர் வந்து நிற்கப்போகும் இடத்துக்குப் பந்து கிளம்பிவிடும். எதிராளி கிட்டே வரும்போது கையில் பந்து இருக்காது. அந்த டீமின் மெக்டேனியல் நல்ல கோச் என்று அன்றைக்கே உன்னிடம் சொன்னேன். பையனின் பலம் எது என்று பார்த்து, அதற்கேற்ப ஆட்டத்தையே மாற்றி அமைத்தவர் அவர்.

அந்த செப்டம்பர் 25-ம் தேதி பஃபலோ டீமோடு ஆடும்போது டுவா தள்ளப்பட்டு விழுந்தார், தலை தரையில் மோதியது. எழுந்து தலையை உதறிக்கொண்டு நாலு அடி நடப்பதற்குள் கால் பின்னிக்கொண்டது. முதுகு வலி என்று சொல்லி இரண்டாம் பாதியில் மறுபடி இறக்கினார்கள். நாலே நாளில், வியாழக்கிழமை ராத்திரி, உங்கள் ஊர் மைதானத்திலேயே அடுத்த ஆட்டம். அவரைத் தூக்கிச் சுழற்றிக் கீழே போட்டார்கள். விரல்கள் விறைத்து முகத்துக்கு நேரே அப்படியே நின்றுபோனதை நாம் எல்லோரும் பார்த்தோம். அம்மா கவின் கண்ணைப் பொத்தினாள். நீ டிவியை அணைக்கவில்லை, ஆனால் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மருத்துவர்கள் சரியென்றதால்தான் ஆடவிட்டேன் என்றார் மெக்டேனியல். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆட்டத்தை நடத்தும் என்.எஃப்.எல். லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து விசாரித்து, விதிப்படிதான் நடந்திருக்கிறது என்று முடிவு சொன்னார்கள். அதே மூச்சில் விதியையும் மாற்றினார்கள்: தள்ளாடி நடந்தால் என்ன காரணம் சொன்னாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இது வந்தது அக்டோபர் 8. மறுநாளே அட்லாண்டா டீமின் கிரேடி ஜாரெட், குவார்ட்டர்பேக் டாம் பிரேடியைக் கீழே தள்ளியதற்குக் கொடி விழுந்தது, 15 கெஜம் தண்டம். நீ ரிமோட்டைச் சோபாவில் எறிந்தாய். அந்தத் தீர்ப்பு தப்புதான், இப்போதும் சொல்கிறேன், அது சுத்தமான டேக்கிள். நடுவர் தப்பு செய்தால் நடுவரைத் திருத்தலாம். அதற்காக விதியே வேண்டாம் என்கிறாய், அங்கேதான் உன்னோடு எனக்கு ஒத்துவரவில்லை. 2017-ல் எதிராளி மேலே விழுந்த கனத்தில் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸின் காறை எலும்பு உடைந்த பிறகுதான், முழு எடையையும் குவார்ட்டர்பேக் மேல் போட்டு விழக் கூடாது என்பதை 2018-ல் கறாராக அமலாக்கினார்கள். பந்தை எறிவதற்காக நிற்பவன் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. கண் தூரத்தில் இருக்கும், இரண்டு கையும் மேலே இருக்கும்.

இனி உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீ கைக்குழந்தையாக இருந்தபோது, கபடிப் போட்டிக்குப் பையன்களை அழைத்துப் போயிருந்தேன். கடைசி ஐந்து நிமிஷம், நாங்கள் இரண்டு பாயின்ட் பின்னால். பாடப் போன என் பையனைக் காலைப் பிடித்து இழுத்ததில் பின்மண்டை கட்டாந்தரையில் மோதியது. எழுந்தான். ஓடிப்போய், "என்னடா, ஆட முடியுமா?" என்று கேட்டேன். "முடியும் சார்" என்றான். தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். ஜெயித்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் வாந்தி எடுத்தான். என்னைப் பார்த்து "மாமா, எப்ப வந்தீங்க?" என்றான். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் தெளிந்தான், பிழைத்தான். பிழைத்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

அந்தக் கேள்வியை நான் அவனிடம் கேட்டிருக்கவே கூடாது, செந்தில். அடிபட்டது எந்த மூளையோ அதே மூளையிடமா "நீ நன்றாக இருக்கிறாயா" என்று கேட்பது? கூட்டம் கத்துகிறது, வாத்தியார் ஆசையோடு நிற்கிறார், பையன் வேறென்ன சொல்வான்? பெரியவர்களுக்கும் இதே கதைதான். குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் 2019-ல், காயத்திலும் வலியிலும் நொந்துபோய், 29 வயதில் போதும் என்று முடிவெடுத்தார். செய்தி பரவியதும் அவருடைய இண்டியானாபொலிஸ் ரசிகர்களே, மைதானத்தை விட்டு வெளியேறியவரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் முடிவை ஆடுபவன் தலையில் போடுவது நியாயமா?

கோச் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் உங்கள் சின்சினாட்டியில்தான் பார்த்தேன். 2023 ஜனவரி 2, பஃபலோ வீரர் டாமர் ஹாம்லின் நெஞ்சில் அடிபட்டு இதயம் நின்று விழுந்த ராத்திரி. பஃபலோ கோச் மெக்டெர்மட்டும் சின்சினாட்டி கோச் டெய்லரும் பேசி, பையன்களை உள்ளே அழைத்துக்கொண்டு போனார்கள். அந்த ஆட்டம் அப்புறம் நடக்கவே இல்லை. ஹாம்லின் பிழைத்து மறுபடி ஆட வந்தார்.

அந்த வருஷம் டுவா, எப்படி விழுவது என்று ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலை வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டார். 2023-ல் 17 ஆட்டமும் ஆடி, எறிந்து சேர்த்த கெஜத்தில் லீக்கிலேயே முதலாவதாக வந்தார். ஆனால் 2024 செப்டம்பர் 12 அன்று, பந்தோடு ஓடியவர், அடிபடாமல் தப்பிக்கக் காலை நீட்டிச் சறுக்காமல், தலையைக் குனிந்து மோதினார். எதிரே இருந்தது அதே ஹாம்லின். மறுபடி மூளையில் அடி, நாலு ஆட்டம் வெளியே. கற்றதெல்லாம் ஆட்டச் சூட்டில் ஒரு நொடியில் மறந்துபோகிறது. அதனால்தான் விதி வேண்டும், வெளியே நிற்பவனின் கண் வேண்டும் என்கிறேன்.

நீ செய்ய வேண்டியது இதுதான். பிராக்டிஸ் தொடங்குமுன் கவினின் கோச்சைப் போய்ப் பார். தலையில் அடிபட்டால் பையனை வெளியே எடுப்பது யார், அந்த ஆள் எல்லா ஆட்டத்துக்கும் வருவாரா என்று கேள். உங்கள் ஓஹையோவில் 2013 முதலே சட்டம் இருக்கிறது: அறிகுறி தெரிந்தால் அன்றைக்கு மறுபடி இறக்கக் கூடாது, எழுத்தில் மருத்துவ அனுமதி வேண்டும். இதற்கெல்லாம் முன்னோடி வாஷிங்டன் மாநிலத்தின் 2009 சட்டம். தலையில் அடிபட்டும் திரும்ப இறக்கப்பட்டு, மூளையில் ரத்தம் கசிந்து விழுந்த ஒரு பையனுக்காக வந்தது அது. அவனுக்கு அப்போது வயது 13. நம் கவினுக்கும் அதே வயது.

அப்புறம், கவின் காதுபட "அடிபட்டா எழுந்து ஆடணும்" என்று சொல்லாதே. தலை சுற்றினால் அப்பாவிடம் சொல்லலாம் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். டிசம்பர் லீவில் வரும்போது ஆற்று மணலுக்கு அழைத்துப் போய் அவனுக்கு விழக் கற்றுத் தருகிறேன். அதுவரை சறுக்கிப் பழகச் சொல், இரண்டு பக்கமும். வீடியோ எடுத்து அம்மா போனுக்கு அனுப்பு, என் போனில் படம் சரியாகத் தெரிவதில்லை.

அன்புடன்,
அப்பா