ஒரே ஓவர்தான் என்று சொல்லாதே, மச்சான்

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் புலம்பல், கடைசி அரைப் பக்கத்தில்தான் கேள்வி. கோயம்புத்தூரில் இன்னும் வெயில் ஏறவில்லை என்று எழுதியிருப்பதை மட்டும் நான் நம்பப் போவதில்லை. ஐபிஎல் வருகிறது, உனக்கும் தங்கச்சிக்கும் வேலை, பாப்பாவுக்கு ஸ்கூல், போன சீசன் சண்டை இந்த சீசனிலும் வரக் கூடாது, போதாததற்குப் பாப்பா பேட் கேட்கிறாள். இவ்வளவுதானே?

சண்டை மேட்சால் வருவதில்லை. "இதோ, ஒரே ஓவர்தான், வந்துடறேன்" என்கிறாயே, அதனால் வருவது. கணக்குப் போட்டுப் பார். ஒரு இன்னிங்ஸை 90 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு டைம் அவுட்டுக்கு (அணிகள் கலந்து பேச ஆட்டத்தை நிறுத்துகிற இடைவெளி) 5 நிமிடம் போனால் மிச்சம் 85. ஓவருக்கு நாலேகால் நிமிடம். இது காகிதத்தில் இருக்கிற ஓவர். பத்தொன்பதாவது ஓவரில் ஒரு ரிவ்யூ, இரண்டு முறை ஃபீல்டிங் மாற்றம், நடுவில் ஒருத்தர் கிளவுஸ் மாற்றுவார். ஏழெட்டு நிமிடம் சாதாரணமாகப் போய்விடும். தாமதம் செய்தால் மைதானத்தில் போட்டிருக்கிற 30 கெஜ வட்டத்துக்கு வெளியே ஐந்து பேருக்குப் பதில் நாலு பேரைத்தான் நிறுத்தலாம் என்று அபராதம் இருக்கிறது. அதற்குப் பயந்தும் யாரும் ஓடி வந்து பந்து போடுவதாகத் தெரியவில்லை. ஓவர் ஒரு கால அளவே இல்லை, மச்சான். வீட்டில் பேசும்போது ஓவரைச் சொல்லாதே, மணியைச் சொல். "பத்து நாற்பதிலிருந்து பதினொன்றேகால் வரை நான் கிடைக்க மாட்டேன்" என்று மத்தியானமே சொல்லிவிட்டால் அதற்கு மரியாதை உண்டு.

ராத்திரி மேட்ச் எப்படி ஓடும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதை வீட்டுக் கடிகாரத்தின் மேல் வைத்துப் பார்த்திருக்க மாட்டாய். ஏழுக்கு டாஸ், ஏழரைக்கு முதல் பந்து, எட்டு மணிவாக்கில் பவர்பிளே, அதாவது முதல் ஆறு ஓவர், முடியும். இந்த ஒரு மணி நேரம் பாப்பாவுடையது. டாஸில் யார் ஜெயித்தார்கள், இம்பாக்ட் பிளேயராக (ஆட்டத்தின் நடுவில் இறக்குகிற மாற்று ஆட்டக்காரர்) யாரை வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் வந்து உனக்குச் சொல்லட்டும். எட்டுக்கு நீயும் பாப்பாவும் டிவியை விட்டு எழுந்து சாப்பாடு. ஏழாவது ஓவரிலிருந்து பதினான்கு வரை ஸ்பின்னர்கள் போடுகிற நேரம், அதைத் தவறவிட்டால் பெரிய நஷ்டமில்லை (அஷ்வின் ரசிகனான உனக்கு இது வலிக்கும் என்று தெரியும், பொறுத்துக்கொள்). ஒன்பதேகால் வாக்கில் முதல் இன்னிங்ஸ் முடியும்போது பாப்பா படுக்கையில் இருக்க வேண்டும். இடைவேளை ஏறக்குறைய இருபது நிமிடம். யூனிஃபார்ம் இஸ்திரி, தண்ணீர் பாட்டில் கழுவுவது, டைரியில் கையெழுத்து, மூன்றும் அதற்குள் அடங்கும். கடைசி ஐந்து ஓவர் பத்து நாற்பதுக்குப் பக்கத்தில் தொடங்கும். உன் பங்கு அதுதான்.

தங்கச்சியும் சிஎஸ்கே ரசிகைதானே? அவளுக்கு எந்த நாற்பது நிமிடம் வேண்டும் என்று கேட்டாயா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. காலை ஆறு மணி ஷிஃப்ட் இருக்கிறவளுக்கு முதல் இன்னிங்ஸ்தான் சௌகரியம். அப்படியானால் எட்டிலிருந்து ஒன்பதேகால் வரை அடுப்பங்கரை உன் பொறுப்பு. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

அடுப்பங்கரை என்றதும் பயப்படாதே, மாவு இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இட்லி அரிசி நாலு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு டீஸ்பூன். நாலு மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து அரை. கிரைண்டர் சூடானால் மாவும் சூடாகும், சூடான மாவு சீக்கிரம் புளிக்கும். ஏப்ரல், மே மாதத்தில் எல்லோரும் செய்கிற தப்பு, மொத்த மாவையும் ராத்திரி முழுக்க வெளியே வைப்பது. விடிந்தால் பாதி மேடையில் வழிந்திருக்கும், மீதி செவ்வாய்க்கிழமைக்குள் வாயில் வைக்க முடியாது. அரைத்ததும் இரண்டு பாத்திரமாகப் பிரி. ஒன்றில் உப்புப் போட்டுக் கையால் கலந்து வெளியே வை, பாத்திரத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. இன்னொன்றை உப்புப் போடாமல் நேரே பிரிட்ஜில் வை. புதன்கிழமை காலை அதை வெளியே எடுத்து உப்புச் சேர்த்தால் சாயங்காலத்துக்குத் தயாராகிவிடும். டைம் அவுட் இரண்டரை நிமிடம். கல் காய்ந்திருந்தால் சரியாக ஒரு தோசை. இன்னிங்ஸுக்கு இரண்டு டைம் அவுட், அதாவது இரண்டு தோசை. மீதியை மேட்ச் பார்க்காமல்தான் சுட வேண்டும்!

ஆப்பில் பார்ப்பதென்றால் ஒரு எச்சரிக்கை. டிஷ்ஷில் வருகிற சேனலை விட இணையத்தில் வருவது அரை நிமிடம்கூடப் பிந்தும். எதிர்வீட்டில் கேபிள் இருந்தால் உன் திரையில் பௌலர் ஓடத் தொடங்குமுன் அங்கே கூச்சல் கேட்டுவிடும். ஜன்னலைச் சாத்து, இல்லையென்றால் சேனலிலேயே பார். ஸ்கோர் நோட்டிஃபிகேஷனையும் நம் காலேஜ் குரூப்பையும் பத்து மணிக்கு மேல் ஊமையாக்கு. எட்டரைக்கு ஆபீஸ் கால் இருக்கிற நாளில் மேட்ச்சை ம்யூட்டில் ஓடவிடலாம் என்று கணக்குப் போடாதே. கேமரா ஆனில் இருந்தால் கண் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மறுநாள் டிபன் பாக்ஸ் கட்டும்போது பத்து நிமிட ஹைலைட்ஸ் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, படுக்கும் நேரத்துக்கு ஒரு எல்லை வை. 2023 ஐபிஎல் ஃபைனல் நினைவிருக்கிறதா? ஞாயிறு மே 28 நடக்க வேண்டியது மழையில் திங்களுக்குப் போய், ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்து முடித்தபோது செவ்வாய் அதிகாலை ஒன்றரை மணி. அந்த மாதிரி ராத்திரிக்கு விதிவிலக்கு கொடுக்கலாம், சிஎஸ்கேவுக்கு ஐந்தாவது கப். லீக்கில் ஒரு அணிக்கு 14 ஆட்டம் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் கொடுக்க முடியாது. வாரத்துக்கு இரண்டு ராத்திரி, அதற்கு மேல் வேண்டாம்.

பாப்பாவுக்கு ஒரு ஸ்கோர் நோட்டு வாங்கிக் கொடு, பேட்டுக்கு முன்னால். கணக்கு நோட்டே போதும். ரன் எடுக்காத பந்துக்குப் புள்ளி, வைடுக்குக் கூட்டல் குறி, நோபாலுக்கு வட்டம், விக்கெட்டுக்கு டபிள்யூ. ஒரு ஓவரை மூன்று மூன்று புள்ளியாக இரண்டு வரிசையில் எழுதுவார்கள். ஆறும் புள்ளியென்றால் அவற்றை இணைத்து எம் என்ற எழுத்தாக்க வேண்டும், அது மெய்டன். பிள்ளைகளுக்கு அந்த எம்மைப் போடுவதில் ஒரு வெறி. டி20யில் அது அடிக்கடி கிடைக்காது என்பதால் வெறி கூடும். ஆறு ஓவர் எழுதினால் போதும், இருபதையும் எழுது என்று உட்கார வைத்தால் மறுநாள் நோட்டைத் தொட மாட்டாள். பவர்பிளே முடிந்ததும் ஒரு கேள்வி கேள்: 30 பந்தில் 48 வேண்டும், ஓவருக்கு எவ்வளவு? 9.6 என்று வர அவளுக்கு நேரமாகட்டும், நீ சொல்லாதே.

இனி பேட். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் ஹர்மன்பிரீத் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் ஜெயித்துப் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கியதைப் பார்த்த பிள்ளை பேட் கேட்காமல் என்ன செய்யும்? வாங்கு. ஆனால் யூனிஃபார்ம் தைக்கிற மாதிரி வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்துவிடாதே. பேட் கனத்தால் மேல் கையால் தூக்க முடியாது, கீழ்க் கை வேலையை எடுத்துக்கொள்ளும், நேராக வர வேண்டிய பேட் குறுக்கே வரும். அது பழகிவிட்டால் எந்தக் கோச்சும் திருத்தப் படாத பாடு படுவார். நாலரை அடி உயரமென்றால் 3ஆம் நம்பரை ஒட்டி வரும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், அதனால் கடையில் நிற்க வைத்துப் பார். பேட்டைக் காலோரம் செங்குத்தாக வைத்தால் பிடியின் நுனி தொடை முடியும் இடத்துக்கு வர வேண்டும். பிறகு மேல் கை ஒன்றால் மட்டும் முன்னால் நீட்டிப் பத்து எண்ணச் சொல். கை நடுங்கினால் வேறு எடு.

முதல் பேட்டுக்குக் காஷ்மீர் வில்லோ மரம் போதும். இங்கிலீஷ் வில்லோ மெத்தென்று இருக்கும், விலை அதிகம், வளர்ந்து ஒரு வருஷத்தில் ஒதுக்கிவிடுவாள். டென்னிஸ் பால் பேட் வேறு, லெதர் பால் பேட் வேறு. டென்னிஸ் பால் பேட்டால் லெதர் பாலை அடித்தால் பேட் விரிசல் விடும், கடைக்காரர் மாற்றித் தர மாட்டார். லெதர் பேட்டென்றால் காய்ச்சாத ஆளிவிதை எண்ணெய் ஒரு டீஸ்பூன் எடுத்து, துணியில் தொட்டு முகப்பு, ஓரம், அடிமுனை, முதுகு எல்லாம் மெல்லத் தேய். பிடி பலகைக்குள் இறங்கும் வி வடிவ இணைப்பில் எண்ணெய் படக் கூடாது, பசை விட்டுவிடும். முகப்பில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தால் அங்கே விட்டுவிட்டு மற்ற இடத்துக்கு மட்டும். படுக்க வைத்து ஒரு நாள் காய விடு, இன்னொரு முறை செய், போதும். நிறைய ஊற்றினால் கட்டை கனத்து, பந்து பட்டால் டொக்கென்று செத்த சத்தம்தான் வரும். அப்புறம் மேலட் என்கிற மரச் சுத்தியலால் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், முதலில் தட்டுவதாக, போகப் போக அழுத்தமாக. ஓரங்களை நேராக அடிக்காமல் சாய்வாக உருட்டி அடி. அடிமுனையின் தரை படும் பக்கத்தை அடிக்கவே அடிக்காதே. வெயிலில் நிற்கிற கார் டிக்கியில் பேட்டைப் போட்டு வைத்தால் இவ்வளவு வேலையும் வீண். காய்ந்து கீறிவிடும்.

பந்திலும் ஏமாறாதே. கடையில் லெதர் பால் என்று கேட்டால் ஆண்கள் ஆடும் 156 கிராம் பந்தைத்தான் நீட்டுவார்கள். 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம். பெண்கள் ஆடுவதே 140 முதல் 151 தான். எடை பந்தின் மேலேயே அச்சாகியிருக்கும், பார்த்து வாங்கு. இதிலிருந்து வருகிற ஒரு ஆபத்து பலருக்குத் தெரியாது. சின்னப் பந்து சுற்றளவிலும் சின்னது. பெரியவர்கள் ஹெல்மெட்டைப் பாப்பாவுக்கு இறுக்கிக் கட்டிவிட்டால், ஹெல்மெட்டின் முன் விளிம்புக்கும் முகக் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியில் அந்தப் பந்து புகுந்துவிடலாம். வாங்கும்போது பந்தைக் கையில் வைத்து அந்த இடைவெளியில் அழுத்திப் பார். பெண் பிள்ளைகளுக்கென்று தனி அடிவயிற்றுக் காப்பு (கார்டு) இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கு. இதெல்லாம் சேரும் வரை மொட்டை மாடியில் டென்னிஸ் பால்தான். 22 கெஜம் வேண்டாம், 16 போதும். அதற்கு மேல் வைத்தால் பந்து இரண்டு முறை குதித்துத்தான் வந்து சேரும்.

சேப்பாக்கம் கூட்டிப் போக வேண்டும் என்கிறாய். வா. ஆனால் முதல் மேட்ச் அதுவாக வேண்டாம் என்பேன். டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள் உங்கள் ஊரிலேயே எஸ்என்ஆர் காலேஜ் மைதானத்தில் நடந்திருக்கின்றன. ஜூன், ஜூலையில் அட்டவணை பார். கூட்டம் குறைவு, எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் உட்காரலாம், பாதியில் தூக்கம் வந்தால் எழுந்து வந்துவிடலாம். சேப்பாக்கத்தில் மே மாதப் புழுக்கமும் விசில் சத்தமும் சின்னக் காதுக்கு அதிகம். வந்தால் காதடைப்பான் கொண்டு வா. பாட்டில், பவர் பேங்க் உள்ளே விட மாட்டார்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடப்பதுதான் லேசு, காரை மறந்துவிடு. பாப்பாவின் முழங்கையில் உன் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடு. வியர்வையில் அழியும், இன்னிங்ஸ் இடைவேளையில் இன்னொரு முறை எழுது.

எக்ஸாம் முடிந்ததும் பாப்பாவைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து எழுது. புருவத்துக்கு ஒரு இஞ்ச் மேலே தலையைச் சுற்றி இஞ்ச் டேப் வைத்து அந்த அளவும் வேண்டும், ஹெல்மெட்டுக்கு. பேட்டை இங்கிருந்தே எடுத்து, எண்ணெய் போட்டு அனுப்புகிறேன். மேலட்டால் தட்டுகிற வேலை உன்னுடையது. ஒன்பதேகாலுக்கு மேல் தட்டாதே, பாப்பா தூங்கிக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி