செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025: பிரெஞ்சுத் திரையின் முகங்களோடு ஓர் ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அன்பான அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நமது திரைப்பட வட்டத்தின் சென்ற பொதுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். பாரிஸின் இந்த வடபுறநகரில் நம்மில் பலர் வந்து குடியேறி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. பிள்ளைகள் இங்கேயே பிறந்து பல்கலைக்கழகமும் போய்விட்டார்கள். ஆனாலும் இந்த நாட்டின் பெரிய நடிகர்களைச் சொல்லுங்கள் என்றால், மூத்தவர்கள் பலருக்குத் தெலோன், பெல்மோந்தோ என்பதற்கு மேல் பெயர் வருவதில்லை. அதனால் இந்த ஆண்டு இயக்குநர்களை விட்டுவிட்டு, நடிகர் நடிகைகளை முன்வைத்தே படங்களைத் தெரிவு செய்தோம்.

அலன் தெலோன் 2024 ஓகஸ்ட் 18 அன்று காலமானார். செப்டெம்பரில் நமது ஆண்டு தொடங்கியபோது அவரிலிருந்தே தொடங்குவது முறையாக இருந்தது. ‘லு சமுராய்’ (1967) படத்தைத் திரையிட்டோம். அதன் முதல் பத்து நிமிடங்களில் ஏறத்தாழ வசனமே இல்லை. பிரெஞ்சு சரளமாக வராதவர்களுக்கும் இது நல்ல தொடக்கமாக அமைந்தது. தெலோன் பாரிஸுக்குத் தெற்கே சோ என்ற ஊரில் பிறந்தவர். பெற்றோர் பிரிந்ததால் வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தார், இறைச்சிக் கடைத் தொழில் பழகினார், பதினேழு வயதில் கடற்படையில் சேர்ந்து இந்தோசீனா போனார். நடிப்புப் பள்ளி எதிலும் படித்தவரல்ல. பெல்மோந்தோவுக்கு ஒரு மாலை ஒதுக்கினோம். ‘பியூர் சுர் லா வில்’ (1975) படத்தில் பீர் ஆக்கெய்ம் பாலத்தைக் கடக்கும் மெட்ரோவின் கூரைமேல் அவரே நின்று நடித்ததைப் பார்த்தபோது இளையவர்கள் கைதட்டினார்கள்.

அடுத்த மாதம் ழான் கபேன். இவருக்காகப் பயணமும் போனோம். பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் எச் தடத் தொடருந்து ஏறினால் மெரியேல் என்ற ஊர் வந்துவிடும். லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மரக்கறி வாங்கப் போகும் நாம் தினமும் கடந்து போகும் நிலையம்தான் கார் து நோர். 1904 இல் பாரிஸில் பிறந்த கபேன் வளர்ந்தது மெரியேலில், தண்டவாளத்துக்கு அருகே. சின்ன வயதில் ரயில் சாரதியாக ஆசைப்பட்டவர் என்பார்கள். 1938 இல் ‘லா பெத் ஊமேன்’ படத்தில் ரயில் சாரதியாகவே நடித்தார், அதற்காக நீராவி இயந்திரத்தை ஓட்டவும் பழகினார். அந்த ஊரில் அவர் பெயரால் 1992 இல் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

கபேனைப் பற்றி நான் சொல்ல விரும்புவது அவருடைய யுத்தகால முடிவை. பிரான்ஸ் வீழ்ந்தபின் அமெரிக்கா போனவர், ஹொலிவூட்டில் படம் நடித்துக்கொண்டு வசதியாக இருந்திருக்கலாம். சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். நாற்பது வயதில் இரண்டாம் கவசப் படைப்பிரிவில் தாங்கி ஒன்றின் தலைவராக இருந்தார். திரும்பி வந்தபோது தலை நரைத்துவிட்டது, வாய்ப்புகளும் மெலிந்துவிட்டன. 1954 இல் ‘துஷே பா ஓ கிரிஸ்பி’ வந்த பிறகே மறுபடி முன்னணிக்கு வந்தார். பிரெஞ்சுத் திரையுலகின் பெரிய விருதான சீசரின் முதலாவது விழாவுக்கு 1976 ஏப்ரலில் தலைமை தாங்கியவரும் அவரே. அந்த நவம்பரில் இறந்தார். அஸ்தியை பிரெஸ்ட் துறைமுகத்துக்கு அப்பால் கடலில் கரைத்தார்கள்.

அந்த 1954 படத்தில் அறிமுகமானவர்தான் லினோ வெந்துரா. இத்தாலியில் பார்மா நகரில் பிறந்து சிறுவயதில் இங்கு வந்த மல்யுத்த வீரர். கடைசிவரை இத்தாலியக் குடியுரிமையை மாற்றவேயில்லை, ஆனாலும் பிரெஞ்சுக்காரர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடுகிறார்கள். மகளுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு இருந்ததால் 1966 இல் மனைவியோடு சேர்ந்து ‘பெர்ஸ் நேஜ்’ அமைப்பைத் தொடங்கினார். அது இன்றும் இயங்குகிறது.

ஆண்டின் நடுப்பகுதியை சிமோன் சிஞோரேக்கு ஒதுக்கினோம். மற்ற எல்லாரையும்விட இவருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தது ஏன் என்று சிலர் கேட்டீர்கள். நான் பார்த்தவர்களில் இவரே பெரிய நடிகை என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. 1921 இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் பிறந்தார். தகப்பன் அந்திரே காமிங்கர், போலந்து யூத வம்சாவளி, பேர்பெற்ற மாநாட்டு மொழிபெயர்ப்பாளர். நமது வட்டத்திலும் அகதி அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள், அந்தத் தொழிலின் பாரம் உங்களுக்குத் தெரியும். ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் தகப்பன் பெயரை வைத்துக்கொண்டு நடிக்க வழியில்லாததால் தாயின் பெயரான சிஞோரேயை எடுத்துக்கொண்டார். பின்னாளில் மணந்த இவ் மொந்தானும் இத்தாலியில் இவோ லிவி என்ற பெயரில் பிறந்து மார்செய்யில் வளர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளைதான்.

‘காஸ்க் தோர்’ (1952) இங்கே வெளிவந்தபோது வரவேற்பில்லை. ஆனால் பிரித்தானியாவில் அதற்காக சிஞோரேக்கு விருது கிடைத்தது. 1960 இல் வேறொரு படத்துக்காக ஓஸ்கார் வாங்கினார். அதே ஆண்டில் அல்ஜீரிய யுத்தத்தை எதிர்த்த 121 பேரின் அறிக்கையில் கையெழுத்தும் வைத்தார்.

நாங்கள் திரையிட்டது ‘லார்மே தே ஓம்பர்’ (1969). ஆக்கிரமிப்புக் கால எதிர்ப்பியக்கம் பற்றிய படம். சிஞோரே நடிக்கும் மத்தில்ட் இயக்கத்தின் மிகத் திறமையான ஆள். பையில் மகளின் புகைப்படத்தை வைத்திருக்கிறாள். எதிரியிடம் பிடிபட்டபோது அந்தப் படமே அவள்மேல் பிடியாகிவிடுகிறது. வெளியே வந்தவளைத் தோழர்களே காரில் வந்து தெருவில் சுடுகிறார்கள். துப்பாக்கியைப் பார்த்த கணத்தில் சிஞோரேயின் முகத்தில் வருவது பயமா, ஆச்சரியமா, இது நடக்கும் என்று தெரிந்திருந்த அமைதியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வழமையாகப் படம் முடிந்ததும் தேநீரோடு கலந்துரையாடல் தொடங்கும். அன்று நெடுநேரம் ஒருவரும் வாய்திறக்கவில்லை. பிறகு பேசியவர்கள் வழக்கமாகப் பேசுபவர்கள் அல்ல. அவர்கள் சொன்னவற்றை அறிக்கையில் பதிவதில்லை என்று அங்கேயே முடிவானது, அதை மதிக்கிறேன்.

அதற்கடுத்த திரையிடல் ‘லா வி தெவான் ஸ்வா’ (1977). பெல்வில்லில் லிஃப்ட் இல்லாத ஆறாம் மாடி வீடு. ஔஷ்விட்சிலிருந்து தப்பிவந்த, உடம்பு தளர்ந்த யூத மூதாட்டி, மற்றவர்களின் பிள்ளைகளை வளர்க்கிறாள். மோமோ என்ற அரபுச் சிறுவன் கடைசிவரை அவளோடு இருக்கிறான். அப்போது சிஞோரேக்கு ஐம்பத்தாறு வயதுதான். அழகியென்று உலகம் கொண்டாடிய ஒருவர், வீங்கிய கால்களும் மூச்சிரைப்புமாகத் தன்னைக் காட்டச் சம்மதித்தார். சீசர் விருது இந்தப் படத்துக்காகவே கிடைத்தது. படம் முடிந்ததும் அம்மாமார் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை மறுபடி போடும்படி கேட்டார்கள். வரும் ஆண்டிலும் திரையிடுவோம். பெர் லஷேஸ் மயானத்தில் சிஞோரேயும் மொந்தானும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். வசந்தத்தில் சிலர் போய்ப் பூ வைத்தோம்.

சிறுவர்களுக்காக லூயி து ஃபூனெஸின் ‘லா கிரான்ட் வத்ரூய்’ (1966). ஒரு கோடியே எழுபது லட்சத்துக்கு மேல் நுழைவுச்சீட்டுகள் விற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிரான்சில் முதலிடத்தில் இருந்த படம். தாத்தாமாரும் பேரப்பிள்ளைகளும் ஒரே இடத்தில் சிரித்த மாலை அது ஒன்றுதான். து ஃபூனெஸின் பெற்றோர் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள்.

இளையோர் பிரிவு தாங்களே ஒரு மாலையை நடத்தினார்கள். ஜென்வில்லியேயில் வளர்ந்த, அல்ஜீரியத் தகப்பனுக்கும் ஜெர்மன் தாய்க்கும் பிறந்த இசபெல் அஜானி சிறந்த நடிகைக்கான சீசரை ஐந்து முறை வென்றதையும், த்ராப்பில் பிறந்த ஒமார் சி 2012 இல் சிறந்த நடிகர் சீசரைப் பெற்ற முதல் கறுப்பினத்தவரானதையும் எடுத்துக்காட்டிப் பேசினார்கள். தயாரிப்பு மிகச் சிறப்பு.

ஆண்டின் இறுதித் திரையிடல் ‘தீபன்’ என்ற பிரெஞ்சுப் படம். 2015 இல் கான் விழாவின் தங்கப் பனை விருது பெற்ற இந்தப் படத்தில் ஷோபாசக்தி, காளீஸ்வரி சீனிவாசன், குளோடின் வினாசித்தம்பி மூவரும் பெரும்பகுதி தமிழிலேயே பேசி நடித்தார்கள். அடுத்த ஆண்டு சீசர் சிறந்த நடிகர் பட்டியலில் ஷோபாசக்தியின் பெயரும் இருந்தது. படத்தின் முடிவில் வரும் வன்முறை பற்றி நமக்குள் கடும் கருத்து வேறுபாடு எழுந்தது. எனக்கும் அந்த முடிவில் உடன்பாடில்லை. நடிப்பு பற்றி மாற்றுக் கருத்து எவரிடமும் இல்லை. கபேனும் சிஞோரேயும் இடம்பெறும் வரிசையில் நம் மொழி பேசும் நடிகர் ஒருவரையும் வைத்துப் பார்க்கக் கிடைத்ததே இந்த ஆண்டு எனக்குத் தந்த பெரிய மகிழ்ச்சி.

நிர்வாக விடயங்கள். பொது மண்டபத்தில் படம் காட்ட உரிமைக் கட்டணம் கட்ட வேண்டும், வீட்டுக்கு வாங்கிய டிவிடியை அப்படியே போட முடியாது. நமது செலவில் பெரும்பங்கு இதற்கே போகிறது. விபரத்தைப் பொருளாளர் வாசிப்பார். செவிப்புலன் குறைந்தவர்களுக்கான பிரெஞ்சு உபதலைப்புள்ள பிரதிகளைத் தெரிவு செய்தது மூத்தவர்களுக்குப் பெரிதும் உதவியது. இதைத் தொடர வேண்டும். திருத்த வேலை காரணமாக மண்டபம் மூடியிருந்ததால் ழன் மொரோவுக்கான மாலை நடைபெறவில்லை. வரும் பருவத்தை அவருடைய ‘அசான்சர் பூர் லெஷஃபோ’ (1958) படத்தோடு தொடங்கி, கத்தரின் தெனெவ், இசபெல் உப்பேர், ஜூலியட் பினோஷ் என்று தொடரலாம் என்பது நிர்வாகசபையின் முன்மொழிவு.

மண்டபம் ஒழுங்கு செய்தவர்களுக்கும், ஒவ்வொரு முறையும் வடையும் தேநீரும் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், படக்கருவியைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட இளையோருக்கும் நன்றி. அங்கத்துவப் பணம் இன்னும் செலுத்தாதவர்கள் இன்றைக்கே பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். இந்த அறிக்கையை ஏற்று, வரும் பருவத்துக்கான முன்மொழிவையும் அங்கீகரிக்குமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்