இரவுத் தூண்டிலுக்கு ஏற்ற இரை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். வேலை முடிந்த இரவுகளில் பெடோக் ஜெட்டியில் தூண்டில் போடத் தொடங்கியிருக்கிறாய் என்றும், எந்த இரையை வாங்குவது என்று தெரியவில்லை என்றும் நீ எழுதியிருந்ததைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். 1966இல் கட்டப்பட்டு, கடலுக்குள் 250 மீட்டர் நீண்டு கிடக்கும் அந்தப் பாலத்தில்தான் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்து என் ஓய்வு இரவுகள் பெரும்பாலும் கழிந்தன. ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த இரவுக்கான மிக நல்ல இரை பெரும்பாலும் உன் காலடியிலேயே நீந்திக்கொண்டிருக்கும். விளக்கொளி நீரில் விழும் இடத்தில் கண்ணுக்கெட்டாத சிற்றுயிர்கள் கூடுகின்றன. அவற்றைத் தின்ன, அங்கே தம்பான் என்று சொல்லும் சூடை மீன் கூட்டமாக வருகிறது. அதைத் தின்னக் கணவாயும் சீலாவும் ஒளி முடிந்து இருள் தொடங்கும் விளிம்பில் காத்து நிற்கின்றன. பாலத்தில் ஏறியதும் பெரிய தூண்டிலைப் பிரிக்காமல், சிறு முட்கள் வரிசையாகக் கோத்த, அப்பல்லோ என்று சொல்லும் தூண்டில் சரத்தை அந்த ஒளிக்குள் இறக்கி, மெல்லத் தூக்கித் தூக்கி விடு. தம்பான் கிடைத்தால் உலர்ந்த கையால் பிடிக்காதே. அதன் செதில் தொட்டாலே உதிரும். செதில் உதிர்ந்த மீன் வாளியில் அதிக நேரம் உயிரோடு இராது. கையை நனைத்துக்கொண்டு எடுத்து, முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், நடுமுள்ளில் படாமல் மேலாகத் தூண்டில் முள்ளைக் குத்தி நீரில் விட்டால், அது தானாகவே ஓடிப் பெரிய மீனை அழைத்துவரும்.

தூண்களை ஒட்டித் தங்கும் கொடுவா, களவா, செப்பிலி ஆகியவற்றுக்கு உயிர் இறாலை மிஞ்சிய இரை இல்லை என்பது என் உறுதியான கருத்து. இறாலின் தலையை விளக்கில் காட்டினால் ஓட்டுக்குள் கரிய திட்டு ஒன்று தெரியும். முள் அதில் பட்டால் இறால் உடனே செத்துவிடும். அந்தத் திட்டுக்கு முன்னால், தலைக் கொம்பின் அடியில் குறுக்காக முள்ளை ஏற்று. அல்லது வால் விசிறிக்கு முந்திய கணுவில் ஏற்று. அது நீரில் உதைத்துத் துள்ளும் அதிர்வை மீன் கும்மிருட்டிலும் உணரும் என்பதால், மெல்லிய தங்கூஸில், அதாவது நைலான் நரம்பில், சிறிய ஈயம் போதும். வெதுவெதுப்பான அந்த ஊர்த் தண்ணீரில் இறால் விரைவில் மூச்சு முட்டிச் சாகும். பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயை வாளியில் போட்டு வை. நெருக்கியடித்து நிறைய இறாலும் போடாதே.

ஒளி படாத ஆழத்தில் மீன் மோப்பத்தால்தான் இரையைத் தேடும். அங்கே திருக்கைக்கும் கெளிறுக்கும் வெட்டிய சூடையையோ கணவாயையோ போடலாம். கணவாயை உறைந்த இரைப் பொட்டலமாக வாங்குவதைவிட, தேக்கா சந்தையில் சமையலுக்கு வாங்குவதிலேயே ஒன்றைக் கூடுதலாக வாங்கிக்கொள். தோலில் பழுப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தால் புதியது; சதை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் பழையது. விரல் நீளத்துக்கு, ஒரு முனை கூர்மையாக வரும்படி நாடாவாக வெட்டி, அகன்ற முனையில் ஒரே ஒரு முறை குத்தி, மீதியைத் தொங்கவிடு. சுருட்டிக் குத்தினால் நீரோட்டத்தில் அது சுழன்று தங்கூஸை முறுக்கிவிடும். பேத்தை மீன் கொறிக்கும் இரவுகளில் இறால் நொடியில் காணாமற்போகும், கணவாய்தான் தாக்குப்பிடிக்கும். எந்த வெட்டு இரையானாலும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்று. நீர் ஓடும்போதுதான் மணம் பரவும் என்பதால் ஏற்றமும் வற்றமும் நிற்கும் வேளையில் காத்திருந்து களைக்காமல், தேநீர் குடித்துவிட்டு வா.

கடற்புழு கிழங்கானுக்கு நல்லதுதான், ஆனால் இரவில் அதைப் பெரும்பாலும் கெளிறே விழுங்கிவிடும்; காசைக் கொட்டாதே. மீந்த சூடைத் துண்டுகளில் கல்லுப்பைத் தூவி வைத்தால் சதை இறுகி முள்ளில் நிற்கும். பனிக்கட்டி உருகிய நீர் மட்டும் அவற்றில் படக்கூடாது. பட்டால் சதை வெளுத்துக் குழைந்துவிடும். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி உண்டு. இவற்றை அங்கே கொண்டுபோகாதே.

வரிக்கெளிறு மாட்டினால் கையால் தொடாதே. முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று நச்சு முட்கள் அதற்கு உண்டு. குறடால் தூண்டில் முள்ளைக் கழற்று. கழற்ற வரவில்லை என்றால் தங்கூஸை அறுத்துவிடு. குறடு உன்னிடம் இல்லையென்றால் அடுத்த முறை இரை வாங்கும் முன் அதை வாங்கிக்கொள். பாலத்தின் எந்தப் பக்கம் தம்பான் கூடுகிறது என்பதைப் பார்த்து எழுது.

அன்புடன்,
அப்பா