சர்ச் ஹால் மேஜைக்காரர்களுக்கு நன்றி

2024 நவம்பர் 5 அன்று பென்சில்வேனியாவின் நார்த்தாம்ப்டன் கவுண்டியில், ஒரு சர்ச் ஹாலில் தேர்தல் வேலை பார்த்தேன். குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு இதுதான் முதல் முறை. அன்று கூட இருந்து உதவியவர்களுக்கு ஆங்கிலத்தில் ஓர் அட்டை அனுப்பியாயிற்று. நம்மவர்களும் அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன்.

இந்த கவுண்டி ஒபாமாவை இரண்டு முறையும் ஆதரித்தது. 2016இல் டிரம்ப், 2020இல் பைடன், 2024இல் மறுபடி டிரம்ப். அதனால் தேர்தல் வந்தால் டி.வி. காமிராக்கள் எங்கள் பக்கம் வந்துவிடும். எதிரெதிர் வீட்டு வாசல்களில் வேறு வேறு பெயர்ப் பலகை. எங்கள் தமிழ் வாட்ஸப் குழுவும் தப்பவில்லை. கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காக நடந்த பூஜைப் படத்தை ஒருவர் போட, பதிலுக்கு இன்னொருவர் மெக்ஸிகோ எல்லை வீடியோவைப் போட, பேச்சு தடித்து இரண்டு பேர் குழுவைவிட்டே போனார்கள்.

முதல் நன்றி சாவடியின் தலைமை அலுவலருக்கு. பெத்லகேம் ஸ்டீல் ஆலையில் வேலை பார்த்தவர். 1995இல் அங்கே உலை அணைந்த பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டினார். "இயந்திரத்தை நம்பலாமா?" என்று கேட்பவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். காரணம் உண்டு. 2019இல் இதே கவுண்டியில், ஐம்பதாயிரத்துக்கும் மேல் ஓட்டு விழுந்த ஒரு நீதிபதித் தேர்தலில், ஒரு வேட்பாளருக்கு 164 ஓட்டுதான் என்று இயந்திரம் காட்டியது. ஓட்டுக்கு ஓட்டு இயந்திரம் அச்சிட்டு வைத்த தாளை எண்ணிப் பார்த்தால் ஜெயித்தது அவர்தான்! அதனால் கேட்டவர்களை எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் தாளைப் படித்துப் பார்த்துவிட்டு ஓட்டு போடச் சொன்னார். அவருடைய பொறுமை எனக்கு வராது.

அப்புறம் சாவடியின் தேர்தல் இன்ஸ்பெக்டர்கள் இருவர், கட்சிக்கு ஒருவர். குடியரசுக் கட்சி அம்மாளுக்கு அரசியலைவிட மான் வேட்டை பற்றித்தான் ஆதங்கம். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு (தேங்க்ஸ்கிவிங்) அடுத்த திங்களன்று தொடங்கிவந்த சீசனை 2019இல் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்களாம். மத்தியானம் வரிசையில் நின்ற ஒருவர் என்னைக் காட்டி, "இவர் இந்த நாட்டுக் குடிமகன்தானா?" என்று சத்தமாகக் கேட்டார். எனக்கு வாயடைத்துவிட்டது. அந்த அம்மாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "காலையில் என் எதிரில்தான் உறுதிமொழி எடுத்தார். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவரே பட்டியலில் தேடுவார்" என்றார். அந்த மனிதரும் சொன்னார், நானும் தேடிக் கொடுத்தேன். குடியேற்றம் பற்றி அந்த அம்மாள் சொல்வது எதுவும் எனக்கு ஏற்புடையதல்ல. சாப்பாட்டு நேரத்தில் அதைப் பேசியும் பார்த்தோம், ஒத்துவரவில்லை. இருந்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு நன்றி.

ஜனநாயகக் கட்சி இன்ஸ்பெக்டர் ஓய்வுபெற்ற ஆசிரியை. டிரம்ப் தொப்பியோடு வந்த பையனை யாரோ விரட்டப் பார்த்தபோது, வாக்காளர் என்ன அணிந்தும் வரலாம் என்று விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். முகத்தில் மட்டும் அவ்வளவு வெறுப்பு!

இதைக் கேட்டு, "பார்த்தாயா, மனிதர்கள் எல்லோரும் நல்லவர்கள்" என்றார் ஒரு நண்பர். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவரை ஒருவர் நம்பி அவர்கள் அங்கே உட்காரவில்லை. நம்பிக்கை கிடையாது என்பதால்தான் இரண்டு தரப்புக்கும் அதே மேஜையில் சட்டம் நாற்காலி போட்டிருக்கிறது. ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கலாம். நல்லிணக்கம் பற்றிய சொற்பொழிவுகளைவிட எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் மதிப்பு அதிகம்.

இடம் கொடுத்த சர்ச்சுக்கும், காலி ஆக ஆக காபி போட்டுக்கொண்டே இருந்த அதன் தொண்டர்களுக்கும் நன்றி. இரவு எட்டு மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்தபோதும் காபி சூடாகத்தான் இருந்தது.

2025 நவம்பரில் இந்த இன்ஸ்பெக்டர் பதவிகளுக்கே தேர்தல் வந்தது. இருவரும் மறுபடி நின்றார்கள். ஆளுக்கு ஒரு ஓட்டுதான், இரண்டு பேருக்கும் போட முடியாது. சரி, யாருக்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன் என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். இரண்டாவதாக வருகிறவருக்கும் நாற்காலி உண்டு என்பதால் இருவருமே கவலைப்படவில்லை.