பழைய லாண்ட் றோவரை வெட்டுமுன்: திருகோணமலை கராஜ்காரருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாஸ்மாருக்கும், வெல்டிங், டிங்கர், பெயின்ற் வேலை செய்யும் அண்ணன் தம்பிமாருக்கும்,

உப்புவெளியிலும் சீனன்குடாவிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இன்னமும் ஓடுகிற, அல்லது வேப்பமரத்தடியில் ஓய்ந்து நிற்கிற லாண்ட் றோவர்களைப் பற்றியே இம்மடல். 1958இல் வந்த சீரிஸ் 2, 1961இல் வந்த 2ஏ, 1971 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 3 ஆகியவை. வீட்டு முற்றத்தில் வைத்து, அந்தக் காலத்துப் பாகங்களோடேயே இவற்றைத் திருத்துகிறவர்கள் நாங்கள். ஆனால் சேசி (வண்டியின் இரும்பு அடிச்சட்டம்) வேலைக்கு உங்கள் கைதான் வேண்டும். அதனால்தான் கேட்கிறோம்: வெட்டுமுன் பாருங்கள், கழற்றியதை எறியாதீர்கள்.

முதலில் சேசி இலக்கம். சீரிஸ் 2, 2ஏ வண்டிகளில் அது சாரதி பக்கத்து, அதாவது வலப்பக்க முன் வில்லை (ஸ்பிரிங்கை) தாங்கும் சேசி நுனியில் அடிக்கப்பட்டிருக்கும். துரு முதலில் தின்னும் இடங்களில் அதுவும் ஒன்று. இலக்கம் தெரியாமல் அரைத்துவிட்டாலோ, அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டாலோ, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடச் சேசியில் எதுவும் மிஞ்சாது. அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணெண்ணெயும் தும்புப் பிரஷும் கொண்டு எடுத்து, பெயின்றைப் பெயின்ற் கரைக்கும் மருந்தால் மெல்ல நீக்குங்கள், கிரைண்டர் வேண்டாம். இலக்கத்தைப் படம் பிடித்து உரிமையாளரிடம் கொடுங்கள். அந்தத் துண்டை மாற்றித்தான் ஆகவேண்டுமென்றால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிட்டு வரும்படி அவரிடம் சொல்லுங்கள். அதுவரை கை வைக்காதீர்கள்.

இந்தச் சேசி பெட்டி வடிவானது. வெளியே பளபளக்கும், உள்ளே இற்றுக்கொண்டிருக்கும். கடற்கரை மணலும் உப்பும் உள்ளே புகுந்து, தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்வதால், கச்சான் அடிக்கிற காய்ந்த மாதங்களிலும் உள்ளே முழுதாகக் காயாது. வாடை தொடங்கினால் சொல்லவே வேண்டாம். கண்ணால் பார்த்து நம்பாமல் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். இற்ற இடம் தொம்மென்று சத்தம் அடங்கும். பின் குறுக்குச் சட்டம், இஞ்சினுக்கும் சாரதிக்கும் நடுவே உள்ள முன் தகட்டுச் சுவரைத் தாங்க, சேசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், வில்லு மாட்டும் இடங்கள், பெற்றோல் டாங்கிக்குப் பக்கத்துக் கை ஆகியவற்றை முதலில் தட்டுங்கள்.

இற்ற இடத்தின்மேல் தகடு வைத்து ஒட்டுவது எங்கும் நடக்கிறது. அதுதான் வண்டியைக் கொல்லுகிறது. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் தங்கி, ஒட்டின் ஓரத்தில் திரும்பவும் துளை விழும். நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, 2 மில்லிமீற்றர் தகட்டை அளந்து பொருத்துங்கள். மெல்லிய போடித் தகடு இதற்குத் தாங்காது. வண்டியைச் சில்லு அச்சுகளில் சமமாக நிறுத்தி, வெட்டுமுன் சேசியைக் குறுக்கு மறுக்காக அளந்து எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கையை மட்டும் வெட்டுங்கள். கதவுகள் மாட்டியபடியே இருக்கட்டும். கதவின் இடைவெளி மாறினால் சேசி நழுவுகிறது என்று உடனே தெரியும். ஒரே இழுப்பில் ஒட்டாமல் ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிரே என்று மாறி மாறி ஒட்டினால் வளையாது.

பற்றரியின் இரண்டு வயரையும், அல்டர்னேற்றர் இருந்தால் அதன் வயரையும் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங். இருக்கைக்குக் கீழே இருக்கும் பெற்றோல் டாங்கியை வெளியே எடுத்துத் தூரத்தில் வையுங்கள். வெறும் டாங்கி என்று அலட்சியம் வேண்டாம். உள்ளே தங்கும் ஆவிதான் வெடிக்கும். போடியின் நாகம் (சிங்க்) பூசிய ஓரப்பட்டைகளைச் சூடாக்கும்போது வரும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தால் இரவு காய்ச்சலும் நடுக்கமும் வரும். திறந்த வெளியில், காற்று பக்கவாட்டிலிருந்து வந்து புகையை முகத்திலிருந்து விலக்கும்படி நின்று செய்யுங்கள்.

வேலை முடிந்து ஆறிய பிறகு, சேசியின் உள்ளே குழாய் விட்டு மெழுகு எண்ணெய் அடியுங்கள். கழிவு எண்ணெய் ஊற்றும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்: அதிலுள்ள அமிலமும் நல்லதல்ல, வில்லின் ரப்பர் புஷ்களும் ஊதிப்போகும்.

போடி அலுமினியக் கலவை, சட்டமும் போல்ற்றும் இரும்பு. இரண்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் நின்றால் பற்றரி போலாகி, அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். ஸ்ரெயின்லெஸ் போல்ற் போட்டால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். போல்ற் அப்படியே இருக்கும், சுற்றியிருக்கும் அலுமினியம்தான் கரையும். நாகப்பூச்சுப் போல்ற்றே போதும்; தொடும் இரண்டு முகத்திலும் பிறைமர் பூசி, தடுப்புப் பசை தடவி முறுக்குங்கள். இரும்பைத் தேய்த்த கம்பிப் பிரஷை அலுமினியத்தில் போடாதீர்கள்; இரும்புத்தூள் பதிந்து, பெயின்ற்றுக்குக் கீழே கொப்புளம் எழும்.

நெளிந்த மட்காட்டைக் குளிராகவே அடித்தால் அது இறுகி, கடைசியில் வெடிக்கும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைத் தகட்டில் தேய்த்து, மெல்லிய சுவாலையால் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். சவர்க்காரக் கோடு கருப்பாகும்போது நிறுத்த வேண்டும். அதற்குமேல் போனால் எச்சரிக்கையே இல்லாமல் ஓட்டையாகிவிடும், ஏனெனில் அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து காட்டாது. ஆறியதும் தகடு ஈயம்போல இளகி நிற்கும். மரச்சுத்தியலால் பொறுமையாக எழுப்பினால் பட்டி பூச வேண்டிய இடம் மிகவும் குறைந்துவிடும். இந்த ஒரு வேலையைப் பழகிக்கொண்டாலே பாதிப் போடிகள் பழைய இரும்புக்குப் போகாமல் தப்பும்.

பழைய நட்டுகளில் பல மில்லிமீற்றர் அளவே அல்ல. கிட்டத்தட்டப் பொருந்துகிற ஸ்பனரைப் போட்டு முனையை உருட்டிவிட்டுப் பின் உளியால் வெட்டுவதைவிட, விற்வேர்த், ஏ.எஃப். என்ற பழைய அங்குல அளவுகளில் ஒவ்வொரு செற் ஸ்பனர் வாங்கி வையுங்கள்.

2.25 லீற்றர் பெற்றோல் இஞ்சினில் கரும்புகை வந்தால் உடனே காபரேற்றரை (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) ஜப்பான் ஒன்றுக்கு மாற்றாதீர்கள். வண்டியில் இருப்பது ஸெனித் காபரேற்றர் என்றால், பெரும்பாலும் அதன் மேல்மூடி வளைந்திருக்கும், உள்ளே உள்ள ரப்பர் வளையம் இற்றிருக்கும். தட்டையான கண்ணாடியில் 400 இலக்கத் தண்ணீர்த்தாள் வைத்து முகத்தைச் சமமாகத் தேய்த்து, வளையத்தை மாற்றுங்கள். அதோடு இடைவெளிகளையும் பாருங்கள்: உள்ளிழுக்கும், வெளியேற்றும் வால்வ் இரண்டுக்கும் 0.010 அங்குலம், தீப்பொறிக்கான பொயின்ற்றுக்கு 0.014 முதல் 0.016 அங்குலம்.

பெற்றோல் செலவு தாங்காமல் டீசல் இஞ்சின் மாற்றுகிறவர்களைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் கழற்றிய இஞ்சினும், அந்தக் காலத்து லூக்கஸ் விளக்கும், ஸ்மித்ஸ் மீற்றரும், நாகம் பூசிய ஓரப்பட்டையும் கூலியில் கழிக்கிற பழைய இரும்பல்ல. துளைகளில் எண்ணெய் விட்டு, சாக்கில் கட்டி, வண்டி இலக்கத்தை எழுதி உரிமையாளரிடமே கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் எங்களிடம் சொல்லுங்கள்; வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய லாண்ட் றோவர்களை வீட்டிலேயே திருத்துவோர்,
திருகோணமலை