தண்டப்பணத்துக்காகத் தொழிலைப் பிணை வைப்பது முறையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீதிப் போக்குவரத்துக் குற்றங்களுக்கான தண்டப்பணத்தைக் கட்ட வழியில்லாமல் சாரதி அனுமதிப்பத்திரத்தை இழந்து நிற்கும் கூலிச் சாரதிகளின் நிலையை, தங்கள் பத்திரிகையின் வாயிலாக நீதி அமைச்சினதும் பொலிஸ் திணைக்களத்தினதும் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். மேல் மாகாணத்தில் நீதிமன்ற உரைபெயர்ப்பாளராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். இங்கே எழுதுவதில் பெரும்பகுதி அந்தக் கடமையின்போது கண்ணால் கண்டது.

நடைமுறை வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். பொலிஸார் அனுமதிப்பத்திரத்தைத் தம்வசம் எடுத்துக்கொண்டு தண்டப்பத்திரம் எழுதிக் கொடுக்கின்றனர். அந்தத் தாளே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரமாகவும் பயன்படும். அதற்குள் தபாலகத்தில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டை உரிய பொலிஸ் நிலையத்தில் கொடுத்தால் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிடும். 14 நாட்கள் கடந்தால் தொகை இரட்டிப்பாகும். 28 நாட்களும் கடந்தால் விடயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றத் தவணைக்கும் ஆள் வராவிட்டால் பிடியாணை. மாத வருமானம் உள்ளவருக்கு இந்த நாட்கள் போதும். நாள் வாடகைக்கு முச்சக்கரவண்டி எடுத்து ஓட்டுபவருக்கோ, வாடகையும் பெற்றோலும் போக மிஞ்சுவதில்தான் அன்றைய அடுப்பு எரிகிறது. இரண்டு நாள் மழை பெய்து ஓட்டம் குறைந்தால் தண்டப்பணத்துக்கென்று ஒதுக்கிய காசும் சாப்பாட்டுக்கே போய்விடும்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் மலையகத்திலிருந்து வந்து இந்தத் தொழில் செய்பவர். கொழும்புக்கு வெளியே வாடகைக்குப் போன இடத்தில் அவருக்குத் தண்டப்பத்திரம் எழுதப்பட்டது. கைபேசி உறைக்குள் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை அவர் என்னிடம் கொண்டுவந்தபோது மடிப்பில் மை கரைந்திருந்தது. கையால் எழுதிய பகுதி முழுவதும் சிங்களத்தில், அவசர எழுத்தில் இருந்தது. அடியில் குறித்திருந்தது நீதிமன்றத்துக்குச் சமுகமளிக்க வேண்டிய திகதி. அதைப் பணம் கட்டுவதற்கான கடைசி நாள் என்றே அவர் நினைத்திருந்தார். சிங்களம் சரளமாகப் பேசுவார், ஆனால் வாசிக்கத் தெரியாது. காலக்கெடு எல்லாம் கடந்த பின்னர்தான் என்னிடம் வந்தார். "ஐயா, காசு கட்ட மாட்டேன்னு நான் சொல்லலையே, ஓட விட்டாத்தானே கட்டலாம்" என்று அவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. தற்காலிகப் பத்திரம் காலாவதியான பிறகு வண்டியை எடுத்தால் அது வேறொரு குற்றம், அதற்கு வேறொரு தண்டம். எடுக்காவிட்டால் முதல் தண்டத்தைக் கட்டுவதற்கே வழியில்லை.

நீதிமன்றத்தில் நடப்பதையும் சொல்ல வேண்டும். போக்குவரத்து வழக்குகள் எடுக்கப்படும் காலையில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூப்பிடப்படும். குற்றவாளியா சுற்றவாளியா என்ற கேள்விக்கு அநேகர் குற்றவாளி என்றே ஒப்புக்கொள்வர். சுற்றவாளி என்றால் வழக்கு இன்னொரு தவணைக்குப் போய் இன்னொரு நாள் உழைப்பும் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. தண்டத் தொகை சிங்களத்தில் அறிவிக்கப்படும். உரைபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பெயர் கூப்பிடப்பட்டுவிடும். கையில் காசில்லாதவர்கள் அன்று மாலைக்குள் யாராவது கொண்டுவருவார்களா என்று வீட்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். சாரதியின் மனைவியுடைய தோட்டைச் செட்டியார் தெருவில் அடகு வைத்துக்கொண்டு ஓடிவந்த தாய்மாரையும் மாமிமாரையும் நீதிமன்ற வாசலில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். கட்டி முடித்ததும் அனுமதிப்பத்திரம் கிடைக்கிறது. அடகுக் கடையின் வட்டியோ அன்றுதான் ஓடத் தொடங்குகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான்: இந்த நெருக்கடிக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவு, தண்டம் விதிக்கப்பட்டவருக்குக் கால அவகாசம் வழங்கவும் தவணை முறையில் செலுத்த அனுமதிக்கவும் நீதவானுக்கு அதிகாரம் அளிக்கிறது. சட்டத்தரணியுடன் வருபவருக்காக இந்த வேண்டுகோளை அவருடைய சட்டத்தரணி முன்வைக்கிறார். தனியே நிற்கும் சாரதிக்கோ இப்படியொன்று கேட்கலாம் என்பதே தெரியாது. கேட்டால் நீதவானுக்குக் கோபம் வரும் என்று நினைத்து வாய்மூடி நின்றவர்கள் எத்தனையோ பேர். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நீதிமன்ற நடவடிக்கைகளைத் தமிழில் விளங்கிக்கொள்ள உரைபெயர்ப்பு வசதியை உரிமையாகத் தருகிறது. ஆனால் தண்டத் தொகையை மட்டும் தமிழில் சொல்லிவிட்டு, அதைத் தவணையாகக் கட்டக் கேட்கலாம் என்பதைச் சொல்லாமல் விட்டால் அந்த உரிமையில் பாதிதான் அவர் கைக்குச் சேர்கிறது.

தவணைக்கு அனுமதி கிடைத்தாலும் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. நான் கண்ட நடைமுறையில் முழுத் தொகையும் கட்டிய பின்னரே அனுமதிப்பத்திரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மூன்று மாதத்தில் கட்டி முடி என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று மாதமும் உழைக்க வேண்டிய பத்திரத்தைப் பெட்டகத்தில் வைத்திருப்பதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. கடன் கொடுத்த சாதாரண மனிதர் ஒருவர் குடியியல் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றாலும், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 218ஆம் பிரிவின்படி, கடன்பட்டவரின் தொழிற் கருவிகளைக் கைப்பற்ற முடியாது. 1889 முதல் இந்த நாட்டில் இருந்துவரும் சட்டம் அது. தச்சனின் உளியை எடுத்துக்கொண்டால் கடன் ஒருநாளும் தீராது என்பதை அன்றே உணர்ந்து எழுதியிருக்கிறார்கள். தனியாருக்கு மறுக்கப்பட்ட அந்த வழியை, சில ஆயிரம் ரூபாய்க்காக அரசே கையாளக் கூடாது.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கலல்ல. அமெரிக்காவில் பல மாநிலங்கள் நீதிமன்றத் தண்டத்தைக் கட்டாதவர்களின் சாரதி அனுமதிப்பத்திரங்களை இடைநிறுத்தி வந்தன. வேலைக்குப் போக முடியாதவர் கடனைக் கட்ட முடியாது என்ற வாதம் வலுப்பெற்றதால் கலிபோர்னியா 2017இல் அதைக் கைவிட்டது. வர்ஜீனியா 2019இல் வரவுசெலவுத் திட்டத்தின் ஊடாகத் தற்காலிகமாக நிறுத்தி, 2020இல் சட்டத்தின் மூலம் நிரந்தரமாக்கியது. தண்டத்தை அவர்கள் இரத்துச் செய்யவில்லை. கடன் கடனாகவே இருந்தது; அனுமதிப்பத்திரத்தை மட்டும் அந்தக் கடனிலிருந்து பிரித்துவிட்டார்கள்.

வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கும் நாட்டில் சாரதிகளுக்குச் சலுகை கேட்பதா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மதுபோதையில் வாகனம் ஓட்டியவரின் அனுமதிப்பத்திரத்தை நீதிமன்றம் இடைநிறுத்துவதை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். ஆபத்தாக ஓட்டுபவர் வீதியில் இருக்கவே கூடாது. ஆனால் வாகனம் நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியவரும் வீதியில் தடம் மாறிச் சென்றவரும், பணம் இருந்தால் மறுநாளே வீதிக்குத் திரும்பி விடுகிறார்கள். அதே தவறைச் செய்தவர் ஏழையாக இருந்தால் மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார். இந்த வேறுபாட்டுக்கும் வீதிப் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை.

2025ஆம் ஆண்டு அறிமுகமான, அரசுக்குரிய பணத்தை இணையவழியில் செலுத்தும் கவ்பே (GovPay) முறையின் மூலம் தண்டப்பணத்தைக் கைபேசியிலேயே கட்டி, அனுமதிப்பத்திரத்தை அந்த இடத்திலேயே பெற்றுக்கொள்ள வழி செய்திருப்பது நல்ல மாற்றம். தபாலகத்துக்கும் தொலைவிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் அலையும் சிரமம் இதனால் குறையும். ஆயினும் வங்கிக் கணக்கில் பணம் இருப்பவருக்கே அது உதவும்.

ஆகவே நீதி அமைச்சிடம் எனது வேண்டுகோள் பெரியதல்ல. தண்டம் விதிக்கப்படும்போதே தவணை முறையில் செலுத்த விருப்பமா என்று ஒவ்வொருவரிடமும் அவருக்கு விளங்கும் மொழியில் கேட்கும் வழக்கத்தை நீதிமன்றங்களில் ஏற்படுத்த வேண்டும். முதல் தவணையைக் கட்டிய அன்றே, வேறு தடை எதுவும் இல்லையாயின், அனுமதிப்பத்திரம் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும். அறவே கட்ட இயலாதவர்களுக்கு 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ் சமூகப் பணியில் ஈடுபட இடமுண்டு. தண்டப்பணம் கட்ட முடியாமல் சிறைக்குப் போகும் ஏழைகளால் நிரம்பி வழியும் நமது சிறைச்சாலைகளுக்கும் அது ஆறுதலாக இருக்கும். பொலிஸ் திணைக்களம், தண்டப்பத்திரத்தில் எந்தத் திகதி பணம் கட்டுவதற்கு, எந்தத் திகதி நீதிமன்றத்துக்கு என்பதை மூன்று மொழிகளிலும் தெளிவாக அச்சிட்ட கட்டங்களில் குறிக்கச் செய்தால், எங்கள் ஒழுங்கை இளைஞரைப் போன்றவர்கள் பிடியாணை வரை போக வேண்டியிருக்காது.

தற்போது பிடியாணைக்குப் பயந்து வீட்டில் இருக்கும் சாரதிகளுக்கும் ஒரு வார்த்தை: ஒளிந்திருக்க வேண்டாம். சட்டத்தரணி ஒருவர் மூலம், வழக்கை எடுக்கும்படி நீதிமன்றத்தைக் கோரும் நகர்த்தல் பத்திரம் சமர்ப்பித்து, நீங்களாகவே நீதிமன்றத்தில் முன்னிலையாகி, பிடியாணையை மீளப்பெறும்படி கேளுங்கள். வசதியில்லாதவர்கள் புதுக்கடை நீதிமன்றத் தொகுதியில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் விசாரிக்கலாம். தவணை முறையில் கட்டுவதற்கான வேண்டுகோளையும் அன்றே, நீதவான் முன்னிலையில், வாய்விட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற உரைபெயர்ப்பாளர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.